நம் இருப்பிடம்: யாருக்கு, எதற்கு, எத்தனை நேரத்துக்கு?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களும் படித்துவிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக இங்கே தரப்படுகிறது.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் 4ஆவதாக ஒரு யோசனை இருக்கிறது. நம் வாட்ச்மேன்கள் இருவரும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களும் தினமும் தங்கள் கைபேசியிலிருந்து லைவ் லொகேஷனை நம் வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டும் என்பது அந்த யோசனை. இதைக் கொண்டுவந்தவர்களின் கவலை நியாயமானதுதான். இரவு 2 மணிக்கு கேட்டில் ஆளைக் காணோம் என்று இரண்டு முறை புகார் வந்திருக்கிறது. வேலைக்கு வருகிறவர் வருவாரா மாட்டாரா என்று காலை 7 மணிக்குத் தெரியாமல் வீட்டில் பெண்கள் தவிப்பதும் உண்மை.

இதில் கைதூக்கி முடிவெடுக்கும் முன், லொகேஷன் பகிர்வது என்றால் என்ன, அது யார் கைக்குப் போகிறது, எப்படி நிறுத்துவது என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் எனக்குத் தெரிந்த கணக்கு வழியிலேயே சொல்கிறேன்.

முதலில், நம் கைபேசிக்கு நாம் இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது? மூன்று வழிகள். ஒன்று, வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள். ஜிபிஎஸ் என்பது இதுதான். இரண்டு, பக்கத்தில் உள்ள செல்போன் டவர்கள். மூன்று, சுற்றிலும் உள்ள வைஃபை பெட்டிகள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து, நீங்கள் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது வரை கைபேசி கண்டுபிடித்துவிடுகிறது. நீங்கள் லொகேஷனை அணைத்துவிட்டாலும், எந்த டவரோடு கைபேசி தொடர்பில் இருக்கிறது என்பது சிம் கம்பெனிக்குத் தெரியும். சட்டப்படி கேட்டால் காவல்துறை அதைப் பெறலாம். அதை நம்மால் மாற்ற முடியாது. நாம் மாற்றக்கூடியது, கைபேசியில் உள்ள செயலிகளுக்கும் மற்ற மனிதர்களுக்கும் எதைக் கொடுக்கிறோம் என்பதை மட்டும்தான்.

இரண்டாவது விஷயம், பலர் குழப்பிக்கொள்வது. வாட்ஸ்அப்பில் லொகேஷன் என்று தொட்டால் இரண்டு வழி வரும். 'சென்ட் யுவர் கரன்ட் லொகேஷன்' என்பது, இந்த நிமிடம் நான் இருக்கும் இடத்தை வரைபடத்தில் ஒரு புள்ளியாக அனுப்புவது. அனுப்பிய பிறகு நீங்கள் பழனி ரோட்டுக்குப் போனாலும் அந்தப் புள்ளி நகராது. கல்யாண மண்டபத்துக்கு வழி சொல்ல, காஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கு வீட்டைக் காட்ட இதுவே போதும். 'ஷேர் லைவ் லொகேஷன்' என்பது வேறு. நீங்கள் நடக்க நடக்கப் புள்ளியும் நடக்கும். இதற்கு 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவுகள்தான் உண்டு. நேரம் முடிந்தால் தானே நின்றுவிடும். நடுவிலும் நிறுத்தலாம்.

இந்த வித்தியாசம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஃபிராங்க் வைட்டஸ் என்ற நைஜீரிய நாட்டவரைப் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு 2014ஆம் ஆண்டு கைது செய்தது. 2022ஆம் ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது. அதில் ஒரு நிபந்தனை, கூகுள் மேப்ஸில் ஒரு 'பின்' வைத்து, தான் இருக்கும் இடம் விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி செய்ய வேண்டும் என்பது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த 'பின்' எப்படி வேலை செய்கிறது என்று கூகுள் நிறுவனத்திடமே நீதிமன்றம் விளக்கம் கேட்டது. பின் வைப்பதும் பகிர்வதும் முழுக்கப் பயன்படுத்துபவர் கையில் இருக்கிறது, அதை வைத்து ஒருவரை நொடிக்கு நொடி பின்தொடர முடியாது என்று கூகுள் பதில் சொன்னது.

2024 ஜூலை 8 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் இருவரும் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். பின் வைப்பதால் விசாரணைக்கு ஒரு பலனும் இல்லை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமாக இன்னொன்று சொன்னார்கள். ஜாமீனில் இருப்பவர் எங்கெங்கே போகிறார் என்பதைத் தொழில்நுட்பத்தை வைத்துக் காவல்துறை விடாமல் கவனிக்கும்படி நிபந்தனை போட்டால், அது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்றார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று 2017 ஆகஸ்ட் 24 அன்றே புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லியிருந்தார்கள்.

போதைப்பொருள் வழக்கில் கைதாகி ஜாமீனில் வந்தவருக்கே போடக் கூடாத நிபந்தனையை, மாதச் சம்பளத்துக்கு நம் கேட்டில் நிற்கும் அண்ணனுக்கும், காலையில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கும் நாம் போடலாமா? அந்தத் தீர்ப்பு நம் சங்கத்தைப் பற்றியது அல்ல. அது நீதிமன்றம் போடும் ஜாமீன் நிபந்தனையைப் பற்றியது. ஆனால் அதில் உள்ள நியாயம் நமக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ஒரு காசோலையில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி. தேதியிலிருந்து 3 மாதம் கழிந்தால் அது செல்லாது. 2012 ஏப்ரல் வரை 6 மாதமாக இருந்ததை ரிசர்வ் வங்கி 3 மாதமாகக் குறைத்தது. கையெழுத்து மட்டும் போட்டு மற்றதையெல்லாம் வெறுமையாக விட்டு யாரிடமாவது கொடுப்பீர்களா? பெற்ற பிள்ளையிடம்கூட யோசித்துத்தான் கொடுப்போம். லொகேஷனும் அப்படித்தான். யாருக்கு, எதற்கு, எத்தனை நேரத்துக்கு என்று மூன்றையும் நிரப்பிவிட்டுக் கொடுங்கள். எந்நேரமும், எல்லோருக்கும் என்று கொடுப்பது வெற்றுக் காசோலை.

வங்கியில் சேர்ந்தவர்கள் பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பழைய இங்கிலாந்து வழக்கு உண்டு. டூர்னியர் வழக்கு, 1924. வாடிக்கையாளர் ஒருவர் கடன் பாக்கி கட்டவில்லை. அவருடைய வீட்டு முகவரி தெரிந்துகொள்ள வங்கி மேலாளர் அவர் வேலை பார்த்த இடத்துக்குப் போன் செய்தார். பேச்சுவாக்கில் அவர் பந்தயம் கட்டுகிறவர் என்பதையும் சொல்லிவிட்டார். அவருக்கு வேலை போயிற்று. வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காப்பது வங்கியின் கடமை என்று அந்த வழக்கில் நீதிமன்றம் சொன்னது. நான்கு விதிவிலக்குகள் மட்டும் வைத்தது. சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுநலக் கடமை இருந்தால், வங்கியின் நலனுக்குத் தேவைப்பட்டால், வாடிக்கையாளரே சம்மதித்தால். இன்றுவரை இந்திய வங்கிகளும் அந்த வழியில்தான் நடக்கின்றன. ஒருவர் இருக்கும் இடத்தைத் தேடப் போய், சொல்லக் கூடாததைச் சொன்னதில் வந்த வினை அது. 100 வருடம் கழித்து நம் கையில் இருக்கும் கைபேசியும் அதையே செய்யும்.

சரி, இப்போது எல்லோரும் கைபேசியை எடுங்கள். ஐந்து நிமிட வேலை. கண்ணாடியை மறந்து வந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் செட்டிங்ஸ், அதில் லொகேஷன், அதில் ஆப் பெர்மிஷன்ஸ். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும், ஆனால் இருக்கும். எந்தெந்தச் செயலி உங்கள் இடத்தைக் கேட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். 'அலவ் ஆல் தி டைம்', அதாவது எந்நேரமும். 'ஒன்லி வைல் யூசிங் தி ஆப்', அதாவது அந்தச் செயலியைத் திறந்து வைத்திருக்கும்போது மட்டும். 'ஆஸ்க் எவ்ரி டைம்', ஒவ்வொரு முறையும் கேட்கும். 'டோன்ட் அலவ்', அனுமதி இல்லை. ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி, லொகேஷன் சர்வீசஸ் என்று போனால் இதே போன்ற பட்டியல் வரும்.

எந்நேரமும் என்ற வரிசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கூகுள் மேப்ஸ், ஆட்டோ கூப்பிடும் செயலி, சாப்பாடு வரவழைக்கும் செயலி எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும்போது மட்டும் என்பது போதும். டார்ச் லைட், காலண்டர், புகைப்படத்தை அழகுபடுத்தும் செயலி, சீட்டு விளையாட்டு இவற்றுக்கு உங்கள் இடம் எதற்கு? அனுமதி இல்லை என்று வைத்துவிடுங்கள். ஏதாவது வேலை நின்றுபோனால் அது மறுபடி கேட்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அதே பக்கத்தில் 'யூஸ் பிரசைஸ் லொகேஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். ஆண்ட்ராய்டு 12 முதல், அதாவது 2021 முதல் வந்தது. அதை அணைத்தால், உங்கள் இடம் ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ என்று மட்டும் அந்தச் செயலிக்குத் தெரியும். நாளைக்கு மழை வருமா என்று சொல்ல, நீங்கள் திண்டுக்கல்லில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதாதா? எத்தனையாவது மாடி, எந்தக் கதவு என்று தெரிய வேண்டுமா?

அடுத்து வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, லைவ் லொகேஷன். இப்போது யார் யாருக்கு நீங்கள் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்று அங்கே தெரியும். யாருக்கும் இல்லை என்றால் நல்லது. கூகுள் மேப்ஸில் மேலே உங்கள் படத்தைத் தொட்டு லொகேஷன் ஷேரிங் போங்கள். இதைக் கட்டாயம் பாருங்கள். ஏனென்றால் வாட்ஸ்அப்பில் 8 மணி நேரத்தில் தானே நிற்கும். மேப்ஸில் 'அன்டில் யூ டர்ன் திஸ் ஆஃப்' என்று ஒரு வகை உண்டு. நீங்கள் நிறுத்தும்வரை நிற்காது. கைபேசியைப் பழுது பார்க்கக் கொடுத்தபோதோ, வேறு யாராவது 'நான் போட்டுத் தருகிறேன்' என்று வாங்கியபோதோ அது ஏற்றப்பட்டிருந்தால் நீங்கள் கவனிக்காமலே போகக்கூடும். அங்கே தெரியாத பெயர் இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

கடன் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவசரத்துக்கு 10,000 ரூபாய் என்று கைபேசியிலேயே கடன் தருகிறார்கள். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, இந்தச் செயலிகள் உங்கள் போன் எண் பட்டியலையோ, படங்களையோ, அழைப்பு விவரங்களையோ தொடக் கூடாது. கேமரா, மைக், லொகேஷன் இவற்றை உங்கள் வெளிப்படையான சம்மதத்தோடு, உங்களைக் கணக்கில் சேர்க்கும்போது ஒரு முறை மட்டும் கேட்கலாம். எந்நேரமும் லொகேஷன் வேண்டும், எல்லா எண்களும் வேண்டும் என்று ஒரு கடன் செயலி கேட்டால், கடனே வேண்டாம் என்று அதை நீக்கிவிடுங்கள். பணம் ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு லொகேஷனையே நிரந்தரமாக அணைத்துவிடுவோம் என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். கைபேசி தொலைந்தால் அது எங்கே என்று கண்டுபிடிக்க லொகேஷன் உதவும். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் அவசரப் பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். தனியாக வேலைக்குப் போய் இரவில் திரும்பும் பெண்கள் அதை வைத்துக்கொள்வது நல்லது. தைப்பூசத்துக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் பழனிக்குப் பாதயாத்திரை போகிறார்கள். கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். இரவில் சாலையோரம் நடக்கும்போது 8 மணி நேரம் லைவ் லொகேஷன் போட்டுவிட்டு, முடிந்ததும் மறுபடி போட்டால் வீட்டில் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். யாருக்கு, எதற்கு, எத்தனை நேரத்துக்கு, மூன்றும் அதில் சரியாக இருக்கிறது.

நம்மில் பலரின் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். ஊருக்கு வந்தபோது 'அப்பா, கொடுங்க, ஒன்னு போட்டுத் தர்றேன்' என்று வாங்கி, நிரந்தரமாகப் பகிரும்படி வைத்துவிட்டுப் போகிறார்கள். அது பாசம்தான். ஆனால் 'அம்மா, ஏன் நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரிப் பக்கம் இருந்தீங்க?' என்று கேள்வி வரும்போது, சொல்ல நினைத்த நேரத்தில் சொல்லலாம் என்று வைத்திருந்த விஷயத்தை உடனே சொல்லியாக வேண்டியிருக்கிறது. பிள்ளைகளிடம் மறைக்க நமக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எதை எப்போது சொல்வது என்பது நம் முடிவாக இருக்க வேண்டும். வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும், உடம்பு சரியில்லாத நாட்களுக்கு மட்டும் என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். ஞாபக மறதி நோய் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் வழி தவறிப் போய்விடக்கூடும். அவர்களுக்கு எந்நேரமும் பகிர்ந்து வைப்பதே சரி.

கல்லூரி போகும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். தெரிந்து வாங்குங்கள். அவர்களுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கும் செயலி வேண்டாம். தெரியவந்த அன்றைக்கு அவர்கள் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போகக் கற்றுக்கொள்வார்கள். அப்போது ஆபத்து நேரத்திலும் அது உதவாது. கணவன் மனைவி இடையிலும் அப்படித்தான்.

இப்போது 4ஆவது பொருளுக்கு வருகிறேன். அந்த யோசனையை மூன்று கேள்விகளிலும் வைத்துப் பார்ப்போம்.

யாருக்கு? நம் வாட்ஸ்அப் குழுவில் உரிமையாளர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டைக் காலி செய்தும் வெளியேறாதவர்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் வேலை செய்யும் பெண்ணின் வீடு எந்தத் தெரு, எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்பது தெரியும். இது அவருக்கு ஆபத்து. வாட்ச்மேன் டீ குடிக்கப் போகும் நேரமும், கேட் காலியாக இருக்கும் நேரமும் அதே குழுவில் தெரியும். இது நமக்கே ஆபத்து. ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சிச் செயலி 2017 நவம்பரில் வெளியிட்ட வரைபடத்தில், இராணுவ வீரர்கள் ஓடிய பாதைகள் கோடுகளாகத் தெரிந்து, முகாம்கள் இருக்கும் இடம் 2018 ஜனவரியில் உலகத்துக்கே வெளிப்பட்டது. அவர்கள் யாரும் இரகசியத்தைச் சொல்ல நினைக்கவில்லை. தினமும் ஓடினார்கள், அவ்வளவுதான். வழக்கமே இரகசியத்தைச் சொல்லிவிடும்.

எதற்கு? இரவில் கேட்டில் ஆள் இருக்க வேண்டும், ரோந்து நடக்க வேண்டும். இதுதான் நம் தேவை. அந்த அண்ணன் பகலில் எங்கே போகிறார் என்பது நம் தேவை இல்லை.

எத்தனை நேரத்துக்கு? யோசனையில் தினமும் என்று மட்டும் இருக்கிறது. முடிவு நேரம் இல்லை. இது வெற்றுக் காசோலை.

சம்மதம் கேட்டுத்தானே வாங்குகிறோம் என்று ஒருவர் சொன்னார். சம்பளம் கொடுப்பவர் கேட்டால், வாங்குபவர் முடியாது என்று எப்படிச் சொல்வார்? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது கட்டாயமில்லாமல், குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக, விவரம் தெரிந்து கொடுப்பதாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் நம் மாதிரிச் சின்னச் சங்கத்தின் கதவைத் தட்டுமா என்பது இருக்கட்டும். அந்த அளவுகோல் நல்ல அளவுகோல். சண்டிகரிலும் பஞ்ச்குலாவிலும் துப்புரவுப் பணியாளர்களுக்கு ஜிபிஎஸ் கைக்கடிகாரம் கட்டிவிட்டபோது, எங்களைக் கைதிகள் மாதிரி நடத்துகிறார்கள் என்று அவர்கள் போராடியதை நினைத்துப் பாருங்கள்.

குறை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. மாற்று வழியும் சொல்கிறேன்.

வாட்ச்மேன் ரோந்துக்கு: பின்பக்கக் காம்பவுண்ட், மொட்டை மாடிக் கதவு, மோட்டார் அறை, கார் நிறுத்துமிடம் என்று நான்கு இடங்களில் க்யூஆர் அட்டை ஒட்டுவோம். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை, ஒரு மணிக்கு ஒரு முறை அங்கே போய் ஸ்கேன் செய்தால் நேரம் பதிவாகும். அந்தக் காலத்தில் காவலர்கள் சாவி போட்டுத் திருகும் ரோந்துக் கடிகாரம் இருந்ததே, அதேதான் இது. வேலை நடந்ததா என்பது தெரியும், ஆள் எங்கே என்பது தெரியாது. இதற்குரிய கைபேசியையும் சங்கமே வாங்கிக் கேட்டில் வைக்கட்டும். பதிவைச் செயலாளரும் பொருளாளரும் மட்டும் பார்க்கட்டும்.

வேலைக்கு வருபவர்களுக்கு: வர முடியாத நாளில் காலை 6:30 மணிக்குள் ஒரு குரல் செய்தி, அவரவர் வேலை செய்யும் வீட்டுக்கு மட்டும். அதற்குப் பதிலாக நாமும் மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு விடுமுறை தருவோம். சொல்லிவிட்டு எடுக்கும் விடுமுறை இருந்தால், சொல்லாமல் நிற்பது தானே குறையும்.

நம் குழுவுக்கு: வெளியூர் போயிருக்கும்போது 'இப்போது திருச்செந்தூரில்' என்று படம் போடாதீர்கள். வீடு திரும்பிய பிறகு போடுங்கள். வீட்டைக் காலி செய்தவர்களை இந்த மாதமே குழுவிலிருந்து நீக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊர் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டு வாங்கும்போது நாம் முதலில் கேட்பது, இதற்கு எத்தனை சாவி, யார் யாரிடம் இருக்கும் என்பதுதான். கைபேசிக்கும் அதைக் கேளுங்கள். நமக்குக் கேட்டுக்கொண்டால் போதாது, நமக்காக உழைப்பவர்களின் சாவியை நாம் பறிக்காமலும் இருக்க வேண்டும்.

4ஆவது பொருள் அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வருகிறது. என் கருத்தைச் சொல்லிவிட்டேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள். வாக்கெடுப்புக்கு முன்பு இரண்டு வாட்ச்மேன் அண்ணன்களையும் அழைத்து உட்காரவைத்து, அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கைபேசியில் சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு காலை 10 மணிக்குக் கீழே சங்க அறைக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.